வீடியோ கான்பரன்ஸ்ல சாட்சி சொல்லப் போறீங்களா? முதல் தடவைக்காரங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பெரியவர் வீடியோ கான்பரன்ஸ்ல சாட்சி சொல்லிட்டு இருந்தாரு. குறுக்கு விசாரணை. எதிர்தரப்பு வக்கீல் ஒரு பத்திரத்த ஸ்கிரீன்ல காட்டி இதுல நீங்க கையெழுத்து போட்டீங்களான்னு கேக்குறாரு, அவரு கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு "நான் கையெழுத்து போட்டதா ஞாபகம் இல்ல"ன்னு சொன்னாரு. எனக்கு தெளிவா கேட்டுச்சு, ஏன்னா கோர்ட்டுக்கு சொல்லி அனுமதி வாங்கிட்டு லேப்டாப் பாத்துக்குறதுக்காக நான் அதே ரூம்ல கேமரால தெரியுற மாதிரி ஓரமா உக்காந்திருந்தேன். ஆனா கோர்ட்ல கேட்டது "நான் கையெழுத்து போட்டதா ஞாபகம்" அவ்வளவு தான். அந்த "இல்ல" போய் சேரவே இல்ல. டைப் பண்றவரு கேட்டத அடிச்சுட்டாரு, அடுத்த கேள்வியும் வந்துருச்சு. எங்க வக்கீல் சாட்சியோட முகத்தையே பாத்துட்டு இருந்ததால உதடு இன்னும் அசையுறத கவனிச்சு உடனே எழுந்து சொன்னாரு, ஜட்ஜ் மறுபடியும் அதே கேள்விய கேக்க வச்சாரு, பதிவு சரியாச்சு. அவரு அந்த நேரத்துல ஃபைல புரட்டிட்டு இருந்திருந்தா?

அன்னிக்கு நைட்டு வந்து இத யோசிச்சுட்டே இருந்தேன். நம்ம தமிழ்ல மறுப்பு எப்பவும் கடைசில தான் வரும், கவனிச்சிருக்கீங்களா? "போனதா நினைவு இல்ல", "பணம் குடுத்தத நான் பாக்கல", "அவர எனக்கு தெரியாது", எல்லாமே வால்ல தான் விஷயம் இருக்கு. நம்ம ஆளுங்க பேசும்போது வாக்கியத்தோட கடைசில குரல இறக்கிடுவோம். மீட்டிங் ஆப்ல இருக்குற சத்தத்த குறைக்குற வசதி என்ன பண்ணும்னா இறங்கின குரல ஃபேன் சத்தம்னு நினைச்சு சில நேரம் வெட்டிடும். நெட்டு ஒரு செகண்ட் தடுமாறினாலும் அதே கதை தான். நீங்க சொன்ன "இல்ல" அங்க "ஆமா"வா மாறிடும். அதனால தான் இந்த வழிகாட்டில லைட்டு, பேக்ரவுண்டுன்னு அழகு சமாச்சாரத்த விட சத்தத்த பத்தி தான் அதிகமா சொல்லப் போறேன்.

நான் வக்கீல் இல்ல, வக்கீல் ஆபீஸ்ல சாட்சிகளையும் கட்சிக்காரங்களையும் இதுக்கு தயார் பண்ற வேலை பாக்குறேன். சட்ட விஷயத்துல உங்க வக்கீல் சொல்றது தான் முடிவு. நாட்டுக்கு நாடு, கோர்ட்டுக்கு கோர்ட் விதி மாறும், ஆனா கீழ சொல்றதுல பெரும்பாலானது எங்க இருந்தாலும் பொருந்தும்.

முதல் வேலை: உத்தரவ முழுசா படிங்க

லிங்க் வந்துருச்சுன்னு சந்தோஷப்பட்டு அத மட்டும் சேவ் பண்ணி வச்சுக்காதீங்க. வீடியோல ஆஜராகலாம்னு கோர்ட் குடுத்த உத்தரவு அல்லது நோட்டீஸ் ஒன்னு இருக்கும், அதுல தான் முக்கியமானது எல்லாம் இருக்கு. எந்த தேதி எந்த நேரம், எந்த ஆப், உங்க வீட்டுல இருந்தே பேசலாமா இல்ல குறிப்பிட்ட ஒரு இடத்துக்கு போய் தான் பேசணுமா, கூட யாராவது அதிகாரி இருக்கணுமா, அடையாள அட்டை எது காட்டணும், இதெல்லாம். நிறைய இடத்துல கோர்ட் ஹால் இருக்குற முனைக்கு ஒரு ஒருங்கிணைப்பாளரும் சாட்சி இருக்குற முனைக்கு ஒரு ஒருங்கிணைப்பாளரும் போடுவாங்க. உங்க முனைல யாருன்னு தெரிஞ்சுகிட்டு அவரோட நம்பர பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, போன்ல மட்டும் வேணாம், போன் தான் அன்னிக்கு முதல்ல மக்கர் பண்ணும்.

நோட்டீஸ்ல "இன் கேமரா" விசாரணைன்னு போட்டிருந்தா அது வீடியோ கேமராவ சொல்றது இல்ல. பொதுமக்கள் இல்லாம மூடின கதவுக்குள்ள நடக்குற விசாரணைக்கு அப்படி பேரு. இத தப்பா புரிஞ்சுகிட்டு நேர்ல போக வேண்டியவங்க வீட்டுல லேப்டாப்ப திறந்து வச்சு காத்திருந்தத பாத்திருக்கேன்.

வீடியோல சாட்சி சொன்னா செல்லுமான்னு பயப்படுறவங்க இன்னும் இருக்காங்க. இந்தியாவ எடுத்துகிட்டா 2003 ஏப்ரல் 1-ஆம் தேதியே சுப்ரீம் கோர்ட் இத தீர்த்து வச்சிருச்சு. அமெரிக்கால இருக்குற ஒரு டாக்டர் ஒரு மருத்துவ வழக்குல சாட்சியா வேணும், அவரால நேர்ல வர முடியாது, வீடியோல சாட்சியம் எடுக்கலாமான்னு கேள்வி. குற்றம் சாட்டப்பட்டவர் "முன்னிலைல" சாட்சியம் எடுக்கணும்னு சட்டம் சொல்றதுக்கு ஒரே அறைல உடம்போட உக்காந்திருக்கணும்னு அர்த்தம் இல்லன்னு அந்த தீர்ப்பு சொல்லிச்சு. அமெரிக்கால 1990-லயே குழந்தை சாட்சிகள் குற்றம் சாட்டப்பட்டவர நேருக்கு நேர் பாக்காம குளோஸ்டு சர்க்யூட் டிவி மூலமா சாட்சி சொல்றத குறிப்பிட்ட சூழ்நிலைல அங்க உள்ள சுப்ரீம் கோர்ட் ஏத்துகிச்சு. 2020-ல கொரோனா வந்தப்புறம் உலகம் பூரா இது தினசரி வேலையாவே ஆயிருச்சு. ஆக செல்லுமாங்குற பயம் வேணாம், ஒழுங்கா போய் சேருமாங்குறத பத்தி மட்டும் கவலைப்படுங்க.

ஒரு எச்சரிக்கை, இது நிறைய பேருக்கு தெரியாது. நீங்க ஒரு நாட்டுல உக்காந்துகிட்டு இன்னொரு நாட்டு கோர்ட்டுக்கு சாட்சி சொல்றதா இருந்தா லிங்க் வந்தா மட்டும் போதாது. நீங்க இருக்குற நாடு தன் மண்ணுல இருந்து வேற நாட்டு கோர்ட்டுக்கு சாட்சியம் குடுக்குறத அனுமதிக்குதான்னு பாக்கணும். இங்கிலாந்துல 2021-ல குடியேற்ற வழக்குகள பாக்குற மேல் தீர்ப்பாயம் இத அழுத்தமாவே சொல்லிச்சு, அந்த நாட்டுக்கு ஆட்சேபனை இல்லன்னு தெரியாம வெளிநாட்டுல இருந்து வாய்மொழி சாட்சியம் எடுக்க கூடாதுன்னு. நாடுகளுக்கு நடுவுல சாட்சியம் எடுக்குறதுக்குன்னே 1970-ல போட்ட ஹேக் ஒப்பந்தம் ஒன்னு இருக்கு, எல்லா நாடும் அதுல இல்ல. லீவுக்கு வெளிநாடு போற நேரத்துல வாய்தா வந்துருச்சு, சரி அங்க இருந்தே பேசிக்கலாம்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க, உடனே வக்கீல்கிட்ட சொல்லுங்க, இந்த அனுமதிக்கு வாரக்கணக்குல ஆகலாம். நேர வித்தியாசத்தையும் அப்பவே எழுதி கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, "காலைல 10:30"னா யாரோட காலைன்னு. சில நாடுகள்ல கோடைக்கு கடிகாரத்த ஒரு மணி நேரம் தள்ளி வைப்பாங்க, போன மாசம் போட்ட கணக்கு இந்த மாசம் தப்பா போயிரும்.

வீடியோ உங்களுக்கு சரி தானா?

இத யாரும் கேக்குறதே இல்ல, வசதியா இருக்குன்னு ஒத்துக்குறாங்க. அலைச்சல் மிச்சம், லீவு மிச்சம், எதிரிய நேர்ல பாக்க வேண்டாம், எல்லாம் நிஜம் தான். ஆனா இழப்பும் இருக்கு. அமெரிக்கால சிகாகோ நகரம் இருக்குற குக் கவுன்ட்டில (கவுன்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) 1999-ல நிறைய ஜாமீன் விசாரணைகள குளோஸ்டு சர்க்யூட் டிவிக்கு மாத்தினாங்க. 2010-ல வெளியான ஒரு ஆய்வு பாத்தது என்னன்னா, டிவிக்கு மாறின குற்றங்களுக்கு ஜாமீன் தொகை சராசரியா 51 சதவீதம் ஏறியிருந்துச்சு, நேர்லயே நடந்த கொலை வழக்குகள்ல அப்படி ஏறல. ஒரு சின்ன மங்கலான படத்துல தெரியுற மனுஷனும் எதிர்ல நிக்குற மனுஷனும் ஒன்னு இல்லங்குறது தான் இதுல எனக்கு புரிஞ்சது.

அதனால உங்க வக்கீல்கிட்ட நேரா கேளுங்க. என் சாட்சியம் தான் கேஸோட உயிர்நாடியா? ஆளையோ பொருளையோ அடையாளம் காட்டணுமா? ஒரு கட்டு பத்திரத்த வச்சு குறுக்கு விசாரணை நடக்குமா? நடுவுல உங்ககிட்ட தனியா பேச வேண்டியிருக்குமா? இதுக்கெல்லாம் ஆமான்னு வந்தா நேர்ல போறத பத்தி யோசிங்க. காது மந்தமா இருந்தா, கண்ணு சரியா தெரியலன்னா, அதையும் மறைக்காம சொல்லிடுங்க. வாய்தா வாங்குறது, தேதி கேக்குறது, சின்ன மனு மாதிரி விஷயத்துக்கெல்லாம் வீடியோ தாராளமா போதும்.

ரூம்

கதவு சாத்துற ரூம். தனியா. அவ்வளவு தான் விதி, ஆனா அது ஏன்னு தெரிஞ்சா தான் மதிப்பீங்க.

2021 மார்ச்ல அமெரிக்காவோட மிச்சிகன் மாநிலத்துல ஒரு தாக்குதல் வழக்கு வீடியோல நடந்துச்சு. பாதிக்கப்பட்ட பொண்ணு சாட்சி சொல்லிட்டு இருக்காங்க, குற்றம் சாட்டப்பட்டவன் இன்னொரு கட்டத்துல வேற இடத்துல இருக்குறதா சொல்லி உக்காந்திருக்கான். அரசு வக்கீலம்மாவுக்கு ஒரு சந்தேகம், அந்த பொண்ணு பதில் சொல்றதுக்கு முன்னாடி தயங்குறாங்க, பக்கவாட்டுல எங்கயோ பாக்குறாங்க. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல தான் இருக்காங்கன்னு நினைக்குறேன்னு அப்பவே ஜட்ஜ்கிட்ட சொல்லிட்டாங்க. பாத்தா நிஜமாவே அவன் அதே வீட்டுல பக்கத்து ரூம்ல இருந்திருக்கான், போலீஸ் போய் பிடிச்சாங்க, ஜாமீன ரத்து பண்ணாங்க. ஒரு சாட்சி பக்கத்துல திரும்புனா கோர்ட் ஏன் பதறுதுன்னு இப்ப புரியுதுல்ல?

அதனால தான் ஆரம்பத்துல லேப்டாப்ப தூக்கி ரூம சுத்தி காட்ட சொல்லுவாங்க, அவமானமா நினைக்காதீங்க. முன்கூட்டியே டேபிள காலி பண்ணிடுங்க, சுவத்துல ஒட்டின குறிப்பு, பக்கத்துல கிடக்குற ஃபைல், கோர்ட் அனுமதிக்காத இன்னொரு போன், எதுவும் வேணாம். தண்ணி, மூக்கு கண்ணாடி, கோர்ட் அனுமதிச்ச ஆவணம், இது மட்டும். வயசானவங்களுக்கு டெக்னிக்கல் உதவிக்கு ஆள் வேணும்னா முன்னாடியே அனுமதி கேட்டு அந்த ஆள் பேர பதிவு பண்ணிட்டு கேமரால தெரியுற மாதிரி உக்கார வைங்க. கேமராவுக்கு பின்னாடி நிக்குற ஆள் நல்ல எண்ணத்துல நின்னாலும் சாட்சியத்துக்கே கேடு.

கார்ல உக்காந்து, நடந்துகிட்டே, கடைல நின்னு, இப்படி எல்லாம் ஆஜராகுற பழக்கம் பரவிகிட்டு இருக்கு, எனக்கு மனசு வலிக்குது. 2025 ஜூன்ல குஜராத் ஹைகோர்ட் விசாரணைல ஒருத்தர் கழிவறைல இருந்தே சேந்தாரு, கோர்ட் தானா முன்வந்து அவமதிப்பு நடவடிக்கை எடுத்துச்சு. கோர்ட் ஹாலுக்கு எந்த உடுப்புல போவீங்களோ அதே உடுப்பு, தலைல இருந்து கால் வரைக்கும், ஏன்னா நடுவுல எழுந்திருக்க சொல்லலாம்.

வெளிச்சம் உங்க முகத்துக்கு எதிர்ல இருந்து வரணும், முதுகுக்கு பின்னாடி ஜன்னல் வேணாம். கேமரா கண் மட்டத்துக்கு வர மாதிரி லேப்டாப்புக்கு கீழ நாலு தடி புஸ்தகம் வைங்க. பேக்ரவுண்டு படம், ஃபில்டர் எதுவும் ஆன்ல இருக்க கூடாது. 2021 பிப்ரவரில டெக்சாஸ்ல ஒரு வக்கீலோட முகம் ஃபில்டரால பூனைக்குட்டியா தெரிஞ்சு, நான் பூனை இல்லைன்னு அவரு ஜட்ஜ்கிட்ட சொல்ல வேண்டியதா போச்சே, அந்த கம்ப்யூட்டர் அவரோட அசிஸ்டென்ட்டோடது. அடுத்தவங்க லேப்டாப்ப கடன் வாங்குறவங்க இத ஞாபகத்துல வைங்க.

சத்தம், நெட்டு: இங்க தான் நேரம் செலவழிக்கணும்

போன விட லேப்டாப் நல்லது. ஸ்கிரீன் பெருசா இருந்தா ஆவணத்த படிக்கலாம், கைல பிடிச்சு ஆட்ட வேண்டியதும் இல்ல. போன் தான் இருக்குன்னா ஸ்டாண்ட் மாதிரி எதுலயாவது சாய்ச்சு படுக்கவாட்டுல நிக்க வைங்க, சார்ஜர சொருகி வைங்க, வர்ற கால், நோட்டிஃபிகேஷன் எல்லாத்தையும் நிறுத்துற மோடுல போடுங்க, ஒரு கால் வந்தா உங்க மைக் பிடுங்கிட்டு போயிரும்.

நெட்டுல டவுன்லோட் வேகம் காட்டி ஏமாத்துவாங்க, உங்களுக்கு முக்கியம் அப்லோட், ஏன்னா உங்க குரல் தான் இங்க இருந்து அங்க போகணும். அப்லோட் 2, 3 எம்பிபிஎஸ் இருந்தா போதும், ஆனா அது ஏறி இறங்காம நிலையா இருக்கணும். ரவுட்டர்ல இருந்து ஒயர் இழுத்து லேப்டாப்ல சொருகுறது தான் சிறந்தது, முடியலன்னா ரவுட்டர் இருக்குற ரூம்லயே உக்காருங்க. வீட்டுல மத்தவங்க அந்த நேரம் வீடியோ பாக்காம இருக்க சொல்லுங்க. மாற்று ஏற்பாடா ஒரு போன்ல டேட்டா போட்டு ஹாட்ஸ்பாட் ரெடியா வச்சு, ஒரு தடவை லேப்டாப்ப அதுல கனெக்ட் பண்ணியும் பாத்துருங்க, பாஸ்வேர்ட் சேவ் ஆயிரும், அன்னிக்கு தேட வேண்டாம்.

மைக் உங்க வாய்க்கு பக்கத்துல இருக்கணும், இத விட பெரிய ரகசியம் இல்ல. லேப்டாப்போட மைக் ரெண்டு அடி தள்ளி இருக்கும், ரூம் எதிரொலியையும் சேத்து பிடிக்கும். சாதாரண ஒயர் இயர்போன்ல இருக்குற மைக் கூட அத விட எவ்வளவோ மேல். புளூடூத் இயர்போன் வேணாம்னு சொல்லுவேன், சார்ஜ் போயிரும், மைக் ஆன்ல இருக்கும்போது சத்தத்தோட தரமும் குறையும். ஆனா சாட்சி இயர்போன் போட்டா யாராவது காதுல சொல்லி குடுக்குறாங்களோன்னு எதிர்தரப்பு ஆட்சேபிக்கலாம், அதனால போடலாமான்னு வக்கீல் மூலமா முன்னாடியே கேட்டுருங்க. கூடாதுன்னா யுஎஸ்பில சொருகுற ஒரு சின்ன டேபிள் மைக் ஏற்பாடு பண்ணுங்க. மைக் ஒயர் சட்டை பட்டன்ல உரசுதான்னும் பாருங்க, நமக்கு தெரியாது, அந்த பக்கம் கரகரன்னு கேக்கும்.

நான் முதல்ல சொன்ன அந்த "இல்ல" விஷயத்துக்கு வர்றேன். ஆப்போட ஆடியோ செட்டிங்ஸ்ல பின்னணி சத்தத்த அடக்குறதுன்னு ஒரு வசதி இருக்கும், ஆட்டோ, லோ, மீடியம், ஹைன்னு அளவும் சிலதுல இருக்கும். ரூம் அமைதியா இருந்தா லோல வைங்க. ஹைல வச்சா ஃபேன் சத்தம் போகும், கூடவே நீங்க இறக்கி பேசுற கடைசி வார்த்தையும் போகலாம். ஃபேன நிறுத்திட்டு லோல வைக்குறது தான் நான் எல்லாருக்கும் பண்ணி குடுக்குறது, வேர்க்கும் தான், ஒரு மணி நேரம் பொறுத்துக்கலாம். ஒரே ரூம்ல ரெண்டு டிவைஸ்ல சேராதீங்க, ஒன்னோட ஸ்பீக்கர் சத்தத்த இன்னொன்னோட மைக் பிடிச்சு ஊளையிடும்.

அப்புறம் ஒத்திகை. ரெண்டு நாள் முன்னாடி, அதே ரூம், அதே நாற்காலி, அதே லேப்டாப், முடிஞ்சா அதே நேரம். வேற ஊர்ல இருக்குற யாரையாவது கூப்பிட்டு, நீங்க கேஸுக்கு சம்பந்தமில்லாத பத்து வாக்கியத்த சொல்லுங்க, பாதி ஆமால முடியணும், பாதி இல்லல முடியணும், மெதுவா, சோர்வா, இயல்பா எப்படி பேசுவீங்களோ அப்படி. அந்த பக்கம் இருக்குறவரு கேட்டத பேப்பர்ல எழுதட்டும். அப்புறம் ஒத்துப் பாருங்க. இந்த ஒரு சோதனைய பண்ணிட்டா மத்த எல்லா சோதனையும் பண்ணின மாதிரி, இத நான் ஒருத்தருக்கும் தவற விடுறது இல்ல. "இருவது"ம் "அறுவது"ம் கூட சேத்துக்கோங்க, அது ரெண்டும் மோசமான லைன்ல ஒன்னு போலவே கேக்கும்.

ஆவணங்களும் மொழிபெயர்ப்பும்

கோர்ட்ல தாக்கல் பண்ணின ஆவணத்தோட ஒரு செட், அதே பக்க எண்ணோட, உங்ககிட்ட இருக்கணும். பக்க எண் ரொம்ப முக்கியம், "அந்த மூணாவது பக்கத்துல"ன்னு அவங்க சொல்றதும் உங்க பிரிண்ட்ல மூணாவது பக்கமும் வேற வேறயா இருந்தா பதில் தப்பான காகிதத்துக்கு போயிரும். பேப்பர்ல பிரிண்ட் எடுத்து வச்சுக்குறது நல்லது, அதுல நீங்க பேனாவால எதுவும் கிறுக்க கூடாது. ஸ்கிரீன் ஷேர் பண்ணி காட்டினா முழு பக்கத்தையும் காட்ட சொல்லுங்க, மேல கீழ நகத்த சொல்லுங்க, பெருசாக்க சொல்லுங்க. "எனக்கு இது தெளிவா தெரியல, பெருசாக்கி காட்டுங்க"ன்னு கேக்குறது உங்க உரிமை. தெரியாத கையெழுத்த தெரிஞ்ச மாதிரி ஒத்துக்கவும் வேணாம், மறுக்கவும் வேணாம்.

உங்களுக்கு எந்த மொழி நல்லா வருமோ அதுல சாட்சி சொல்லுங்க. கோர்ட் மொழி வேறன்னா மொழிபெயர்ப்பாளர கேளுங்க, ஓரளவு இங்கிலீஷ் தெரியும்னு சமாளிக்க போகாதீங்க, குறுக்கு விசாரணை வேற மாதிரி இங்கிலீஷ். வீடியோல ஒவ்வொருத்தரா மாத்தி மாத்தி பேசுற முறை தான் சரிப்படும், கேள்வி, அதோட மொழிபெயர்ப்பு, உங்க பதில், அதோட மொழிபெயர்ப்பு. ரெண்டு மூணு வாக்கியத்துல நிறுத்தி வழி விடுங்க. நேர்லன்னா கைய காட்டி நிறுத்துவாங்க, இங்க நீங்களா தான் நிறுத்தணும். இங்கிலீஷ் கேள்வி புரிஞ்சாலும் மொழிபெயர்ப்பு முடியுற வரைக்கும் காத்திருங்க.

விசாரணை நாள்

அரை மணி நேரம் முன்னாடியே சேந்துருங்க. வெயிட்டிங் ரூம்ல போடுவாங்க, அங்க ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ ஆகலாம், உங்க கேஸுக்கு முன்னாடி வேற கேஸ் ஓடும். அந்த நேரத்துல எழுந்து போயிடாதீங்க, வேற விண்டோல எதுவும் பாக்காதீங்க, திடீர்னு உள்ள இழுத்துருவாங்க. ஸ்கிரீன்ல உங்க பேரு "என் செல்லம்"னோ போன் கம்பெனி பேரோ இருக்க கூடாது, கேஸ் நம்பர், முழு பேரு, சாட்சியா மனுதாரரா எதிர்மனுதாரரான்னு கோர்ட் சொன்ன மாதிரி மாத்தி வைங்க. உள்ள போனதும் மைக் மியூட். உங்க முறை வரைக்கும் மியூட்.

அடையாள அட்டைய கேமராவுக்கு பக்கத்துல பிடிச்சு காட்டுங்க, ரொம்ப கிட்ட கொண்டு போனா மங்கிடும், ஒரு முழம் தள்ளி. உறுதிமொழி சொல்ல சொல்லும்போது அவங்க சொல்ல சொல்ல கூடவே சொல்லாதீங்க, ஒரு வரி முடிஞ்சதும் ஒரு வரி.

பேசும்போது கவனிக்க வேண்டியது:

கேள்வி முடிஞ்சதும் மனசுக்குள்ள ஒன்னு ரெண்டு எண்ணிட்டு பதில ஆரம்பிங்க. சத்தம் போய் சேர கொஞ்ச நேரம் ஆகும், ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா ஆப் ஒருத்தர் குரல மட்டும் எடுத்துக்கும், இன்னொருத்தர் சொன்னது காத்தோட போச்சு. உங்க வக்கீல் ஆட்சேபிக்க நினைச்சா அந்த இடைவெளில தான் ஆட்சேபிக்கணும்.

தலையாட்டாதீங்க, "ம்"னு சொல்லாதீங்க. தலையாட்டுனது பதிவுல ஏறாது. "ஆமா", "இல்ல"ன்னு வாய திறந்து சொல்லுங்க.

மறுப்ப முதல்லயே சொல்லி, கடைசிலயும் சொல்லுங்க. "இல்ல, நான் கையெழுத்து போட்டதா எனக்கு ஞாபகம் இல்ல." ஒரு "இல்ல" வழில விழுந்தாலும் இன்னொன்னு போய் சேரும். நான் தயார் பண்ற எல்லாருக்கும் சொல்றது இது, பழகறதுக்கு ஒரு நாள் கூட ஆகாது. தொகையையும் வருஷத்தையும் ரெண்டு விதமா சொல்லுங்க, "அறுவதாயிரம், அதாவது ஆறு பத்தாயிரம்"னு.

ஸ்கிரீன்ல ஜட்ஜ் முகத்த பாத்தா கூட கேமரால நீங்க குனிஞ்ச மாதிரி தான் தெரியும், பரவாயில்ல, ஆனா ஜட்ஜ் இருக்குற கட்டத்த கேமராவுக்கு நேர் கீழ நகத்தி வச்சுகிட்டா வித்தியாசம் தெரியாது. உங்க முகம் தெரியுற கட்டத்த மறைச்சு வைங்க, நம்மள நாமே பாத்துகிட்டு பேசுறது சிதறடிக்கும். வேற பக்கம் திரும்ப வேண்டியிருந்தா சொல்லிட்டு திரும்புங்க: "ஐயா, ஆவணத்தோட 14-ஆம் பக்கத்த எடுக்குறேன்."

நடுவுல வக்கீல்கிட்ட தனியா பேசணும்னா ஜட்ஜ்கிட்ட கேளுங்க, கட்சிக்காரருக்கு தனி ரூம் மாதிரி ஒன்ன ஆப்லயே போட்டு குடுக்கலாம். ஆனா சாட்சியா குறுக்கு விசாரணைல இருக்கும்போது நடு நடுவுல வக்கீல்கிட்ட கலந்து பேசுறது ஏத்துக்க மாட்டாங்க, இடைவேளைலயும் கூடாது. அந்த நேரம் வாட்ஸ்அப்ப தொடவே தொடாதீங்க.

லைன் அறுந்துச்சுன்னா

அறுந்துரும். எவ்வளவு பாத்து பாத்து பண்ணினாலும் ஒரு நாள் அறுந்துரும். அப்ப பதறாம இருக்க ஒரு காகிதத்துல பெருசா எழுதி டேபிள்ல வைங்க: ஒருங்கிணைப்பாளர் நம்பர், மீட்டிங் ஐடி, பாஸ்வேர்ட், வக்கீல் ஆபீஸ் நம்பர். இத வச்சுக்கவும் முன்னாடியே சொல்லி அனுமதி வாங்கிக்கோங்க, அப்ப ரூம சுத்தி காட்டும்போது கேள்வி வராது.

முழுசா அறுந்தா எல்லாருக்கும் தெரியும், அதனால அதுல ஆபத்து கம்மி. ஆபத்து அரைகுறையா கேக்கும்போது தான். கேள்வில பாதி கேக்குது, மிச்சத்த நாமளா யூகிச்சு பதில் சொல்லிடுறோம், மறுபடி மறுபடி கேட்டா ஜட்ஜ் கோவிச்சுக்குவாரோன்னு ஒரு கூச்சம். தயவு செஞ்சு அந்த கூச்சத்த விட்டுருங்க. "ஐயா, கேள்வி எனக்கு முழுசா கேக்கல, மறுபடி கேக்க சொல்லுங்க", இத பத்து தடவை சொன்னாலும் தப்பில்ல. படம் உறைஞ்சு நின்னுச்சுன்னா எந்த வார்த்தை வரைக்கும் கேட்டீங்கன்னு சொல்லுங்க. நீங்க பேசும்போது அறுந்து திரும்ப சேந்தீங்கன்னா முதல் வேலையா "என் கடைசி பதில் எது வரைக்கும் பதிவாச்சு, படிச்சு காட்டுங்க"ன்னு கேளுங்க. லைன் மோசமாவே இருந்தா நிறுத்தி வேற தேதி கேக்கலாம், அதுக்கு உங்க வக்கீல் மனு போட வேண்டாம், அப்பவே வாய்மொழியா சொல்லி அத பதிவு பண்ண சொன்னாலே பெரும்பாலும் போதும். அப்ப சொல்லாம விட்டுட்டு தீர்ப்பு வந்தப்புறம் லைன் சரியில்லைன்னு சொன்னா யாரு நம்புவா?

ரெக்கார்ட் பண்றது, ஸ்கிரீன்ஷாட் எடுக்குறது, குடும்ப குரூப்ல லிங்க் போடுறது, எதுவும் கூடாது, கோர்ட் அனுமதி இல்லாம பண்ணினா பல இடத்துல அது அவமதிப்பு. ஞாபகத்துக்குன்னு ஒரு போட்டோ எடுத்தாலும் அதே தான்.

முடிஞ்சதும்

ஜட்ஜ் போகலாம்னு சொன்னப்புறம் தான் வெளிய வரணும், வந்ததும் ஆப்ப மூடிட்டு லேப்டாப் மூடியையும் மூடுங்க, அப்பாடா முடிஞ்சதுன்னு நீங்க பேசுறது யாருக்கும் கேக்க வேண்டாம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு. உங்க வாக்குமூலத்த டைப் பண்ணி படிச்சு காட்டுவாங்க, இல்ல ஸ்கிரீன்ல காட்டுவாங்க, இல்ல மெயில்ல அனுப்பி கையெழுத்து கேப்பாங்க, முறை இடத்துக்கு இடம் மாறும். களைப்புல சரி சரின்னு போட்டுடாதீங்க. ஒரு வரி ஒரு வரியா படிங்க. முதல் சுத்துல எண்ண மட்டும் பாருங்க, தேதி, தொகை, வயசு. ரெண்டாவது சுத்துல ஒவ்வொரு வாக்கியத்தோட கடைசி வார்த்தைய மட்டும் விரல் வச்சு பாருங்க. நீங்க "இல்ல"ன்னு சொன்ன இடத்துல "இல்ல" இருக்கா, "தெரியாது"ன்னு சொன்ன இடத்துல அது இருக்கான்னு. இல்லன்னா கையெழுத்துக்கு முன்னாடி அங்கயே சொல்லி திருத்துங்க. அந்த பெரியவர் அப்படி தான் பாத்தாரு, நாலாவது பக்கத்துல இன்னொரு "இல்ல" விடுபட்டு கிடந்துச்சு, அத எங்க யாருக்கும் தெரியல, அவரு தான் விரல வச்சு காட்டினாரு.